பின்னந்தலைகள்

அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் எந்த வீட்டில் என்ன சண்டை, யாருக்கு எந்தப் பல்லில் சொத்தை என்றெல்லாம் தெரிய வேண்டுமானால் அலைந்து விசாரிக்க வேண்டியதில்லை. தரைத்தளத்துப் பார்லரில் முகத்துக்குப் பூச்சுப் போட்டுக்கொண்டு சிறிது நேரம் மல்லாந்து கிடந்தால் போதும். மிச்சத்தைப் பார்லர் அக்கா பார்த்துக்கொள்வாள். பூச்சு காய்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். "பேசினீங்கன்னா வாயோரம் கோடு விழும், அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்பாள். கோடு விழுமோ விழாதோ, அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் அவள் பேச்சுக்கு நடுவே யாரும் விழுவதில்லை.

அவளுக்கு அங்கே ஒரே போட்டி, சுவரில் மாட்டியிருந்த டிவி. காலையில் ஷட்டர் ஏறும்போது திறந்த வாயை அது ஷட்டர் இறங்கும்போதுதான் மூடும். எப்போதும் செய்திச் சேனல்தான். சீரியல் வைத்தால் வேலை முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். செய்தியில் அந்தத் தொல்லை இல்லை, எங்கே விட்டாலும் நாளைக்கு அதேதான் ஓடும் என்பது அக்காவின் தொழில் ஞானம்.

பார்லரில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. நூல் பொண்ணு. புருவம் எடுக்கிறவள். எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டையில் ஊரே எரிந்துபோய், முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, புருஷனோடு இங்கே வந்து சேர்ந்தவள். புருஷனுக்குச் சரக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. பார்லருக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். புருவம் எடுக்கும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும் என்பதால் அவளும் வேலை நேரத்தில் பேச முடியாது. ஆக, பூச்சுக்காரிக்கு வாய் இல்லை, நூல்காரிக்கு வாய் இல்லை. அக்காவும் டிவியும் மாறி மாறி வெளுத்து வாங்கினார்கள்.

அவள் வந்த புதிதில் குடியிருப்பே "பாவம்" என்றது. யார் வீட்டிலிருந்தோ பழைய பாய் வந்தது, யாரோ ஒருத்தி குக்கர் கொடுத்தாள், மூடி சரியாகப் பொருந்தாத குக்கர்தான் என்றாலும். பிறகு தேர்தல் வந்தது. ஒரு தலைவர் தினமும் டிவியில் தோன்றி, பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சுக்காரனை மிரட்டுவதுபோல விரலை ஆட்டி, "நம் வரிசையில் நமக்கு முன்னால் நிற்பது யார்?" என்று கேட்டார். அவர் போனதும் நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அதே கேள்வியைக் கத்திக் கேட்டார்கள். குடியிருப்பில் "பாவம்" என்பது "பாவம்தான், ஆனா..." என்று நீண்டது. வாக்குப்பதிவு நெருங்க நெருங்கப் "பாவம்" உதிர்ந்து "ஆனா" மட்டும் மிஞ்சியது.

புதுச் சொற்கள் வந்து குடியேறின. மூன்றாம் மாடி டீச்சர் தலையில் சாயம் ஊறிக்கொண்டிருக்கும்போதே "ஊடுருவல்" என்றாள். கட்டடத்தின் சொந்தக்காரி, எல்லோரும் ஓனரம்மா என்று கூப்பிடுகிறவள், "வெள்ளமா வர்றாங்களாம்" என்றாள். வெள்ளத்தில் அந்தக் குடியிருப்புக்குள் வந்து சேர்ந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். அதில் ஒருத்தி அப்போது ஓனரம்மாவின் இடப் புருவத்தில் குனிந்திருந்தாள்.

"உன்னைச் சொல்லலம்மா. நீ நம்ம பொண்ணு. நான் சொல்றது அவங்கள" என்றாள் ஓனரம்மா, கண்ணை மூடிக்கொண்டே.

நூல் பொண்ணு பல்லில் நூலோடு "ம்" என்றாள்.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. காலையில் டிவி சொன்னதற்கு மாலைக்குள் கண், காது, மூக்கு வைத்து மாடி மாடியாக அனுப்பிவிடுவாள். "முகாம்ல ஆளுக்கு ரெண்டு போன் குடுக்கறாங்களாம்!" என்று ஒருநாள் அவளே சொன்னாள். நூல் பொண்ணுக்கும் அவள் புருஷனுக்கும் சேர்த்து ஒரே போன்தான், அதுவும் கண்ணாடி விரிசல் விட்டது என்பது அக்காவுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தது ஒரு பக்கம் கிடந்தது, நாக்கு அதுபாட்டுக்கு ஓடியது.

இந்த நேரத்தில்தான் கடைத்தெருவில் துணிக்கடைக்காரர் பாதி விலை என்று பலகை வைத்தார். போர்வை, துண்டு, தலையணை உறை. விடிந்தும் விடியாமலும் குடியிருப்புப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். அக்கா முந்தின நாள் வேலை முடிந்து கொண்டையில் சொருகிய வால் சீப்பைக்கூட எடுக்காமல் போனாள். ஷட்டர் முழங்கால் உயரம் எழும்பியதுதான் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை யாரும் விவரமாகச் சொல்வதில்லை. குனிந்து நுழைந்தவர்கள் உண்டு, தவழ்ந்து நுழைந்தவர்களும் உண்டு. அக்கா இரண்டு போர்வையும், தேவையே இல்லாத தலையணை உறைகளும், முழங்கையில் ஒரு சிராய்ப்புமாகத் திரும்பினாள். அன்று முழுக்க எல்லோருக்கும் உற்சாகம்.

மறுநாள் பார்லரில் டீச்சர் சாயத்தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். ஓனரம்மா முகத்தில் பூச்சோடு கிடந்தாள். டிவி திடீரென்று அலறியது. "கடையைச் சூறையாடும் அகதிகள்! பதறவைக்கும் காட்சி!" எதிர் மாடியிலிருந்து யாரோ போனில் எடுத்த படம். முகம் ஒன்றும் தெரியவில்லை, முதுகும் பின்னந்தலையும்தான். பாதி ஏறிய ஷட்டருக்குள் பெண்கள் முண்டியடித்துப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பாய்ந்தவளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

"அய்யய்யோ, இது நம்ம துணிக்கடைதானே?" என்றாள் டீச்சர்.

ஓனரம்மா சட்டத்தை மீறி எழுந்து உட்கார்ந்தாள். பூச்சு வெடித்தது. "அட ஆமா! நாம வந்ததுக்கப்புறம் வந்திருக்காங்க பாரேன்! நல்ல வேளை, நாம சீக்கிரமே போயிட்டு வந்துட்டோம். இவங்ககிட்ட மாட்டியிருந்தா நம்ம கதி என்ன ஆறது?"

"அந்த வட்டத்துக்குள்ள இருக்கறவளைப் பாருங்களேன், எப்படி இடிச்சுத் தள்றா. பொம்பளையா அவ?"

"அதை விடு, பின்னாடி ஒருத்தி தவழ்ந்து போறா பாரு. கொஞ்சமாவது வெக்கம் வேணாம்?"

அக்கா சீப்பும் கையுமாக நின்றுவிட்டாள். கடைக்கு வருகிறவர்களின் முகத்தை மற்றவர்களும் பார்க்கலாம். பின்னந்தலையைப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். வருஷக்கணக்கில் வெட்டி, வகிடெடுத்து, சாயம் பூசின தலைகள். தவழ்ந்து போகிறவளின் கூந்தல் இடது பக்கம் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அக்காவே டிவியோடு சண்டை போட்டுக்கொண்டு கோணலாக வெட்டிய டீச்சர் தலை. அவளுக்குப் பக்கத்தில், உச்சியில் முடி கொட்டிய இடத்தை மறைத்து அக்கா தன் கையால் தைத்துவிட்ட சவுரி. ஓனரம்மா. முன்னால், சிவப்பு வட்டத்துக்கு நடுவே, கொண்டையில் வால் சீப்பு துருத்திக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தாள். திறந்ததை அப்படியே மூடிக்கொண்டாள். அவள் நாக்கில் எதுவும் தங்காது என்பது ஊர் அறிந்தது. ஆனால் எந்தத் தலையில் எது நிஜம் என்பது மட்டும் இதுவரை வெளியே போனதில்லை. அது போனால் கடை போய்விடும். கூடவே, பொம்பளையா அவ என்று இப்போதுதானே ஒருத்தி கேட்டாள்?

ஓனரம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். குரலைத் தணித்து, ஆனால் நூல் பொண்ணுக்குக் கேட்கும்படியே, அக்காவிடம் சொன்னாள். "இதப்பாரு, எனக்கு அவமேல ஒண்ணும் கோவமில்ல. ஆனா எல்லா மாடியிலயும் பேசிக்கறாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடலாம். ரூமைக் காலி பண்ணச் சொல்லிரு. கடைக்கும் வேற ஆளப் பாத்துக்க."

"நல்லா வேலை செய்யற பொண்ணும்மா."

"நல்லாதான் செய்யறா. அதுக்கு?"

துணிக்கடைக்காரர் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் ஏன் சொல்கிறார்? படத்தில் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது. அன்று மாலை கடையில் நிற்க இடமில்லை.

அக்கா வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் புலம்பினாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அது நீதான்னு நான் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார்.

"எப்படி?"

"கடைத்தெருவுல பையைத் தூக்கிக்கிட்டு உன் பின்னாடியே நடக்கறவன் நான். உன் மூஞ்சியை மறந்தாலும் மறப்பேன், முதுகை மறப்பேனா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கீழ அகதின்னு எழுதியிருந்தானே. படிச்சதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. கட்டின புருஷனுக்கே சந்தேகம் வந்தால் மற்றவர்களை என்ன சொல்வது?

மறுநாள் காலை, ஆள் வருவதற்கு முன்னால், நூல் பொண்ணு பின்கட்டு அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருப்பதை அக்கா எட்டிப் பார்த்தாள். பை பாதி நிரம்பியிருந்தது.

"அதுக்குள்ள என்னடி அவசரம்?"

"சட்டுனு சொன்னா சட்டுனு எடுத்து வைக்க வராதுக்கா. போன தடவை அப்படித்தான் பாதியை விட்டுட்டு வந்தோம்."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் படத்துல இருக்கறது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

நூல் பொண்ணு மடிப்பதை நிறுத்தவில்லை. "முன்னாடி நீங்க. தரையில டீச்சர். நானும் இங்கதானேக்கா நாளெல்லாம் நிக்கறேன்."

"தெரிஞ்சும் பேசாம இருந்தியா?"

"நான் சொன்னா யாரு நம்புவாங்கக்கா? நம்பினாலும் கோவம்தான் வரும். சேனல்காரன் தப்பா போட்டதுக்கு வராது, நான் பாத்ததுக்கு வரும்." ஒரு சட்டையின் காலரை நீவிவிட்டாள். "விடுங்கக்கா. உங்க கடை நல்லா இருக்கட்டும்."

பழி சொல்லியிருந்தால் அக்கா பதிலுக்குப் பத்துச் சொல்லியிருப்பாள். அந்த வாழ்த்தைக் கேட்டதும் எழுந்து கடைக்கு வந்து, சுத்தமாக இருந்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது, லிஃப்டில் யாரோ கிறுக்கிவைத்திருப்பது எல்லாம் பேசி முடித்து, ஓனரம்மா தொண்டையைச் செருமினாள்.

"கீழ இருக்கற அந்தப் பொண்ணு விஷயம். தங்கமான பொண்ணுதான், இல்லேங்கல. ஆனா நாளைக்கு அவ சொந்தக்காரங்க பத்துப் பேர் வந்து நின்னா நாம என்ன செய்வோம்?"

"துணிக்கடையில என்ன பண்ணாங்கன்னுதான் கண்ணால பாத்தோமே" என்றாள் டீச்சர்.

"அந்தத் துணிக்கடையில முதல்ல நுழைஞ்சது நான்தான்" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க எப்பவும் முதல்லதான் போவீங்க, அது தெரியும். இப்ப அந்தப் படத்தைப் பத்திப் பேசறோம்" என்றாள் டீச்சர்.

"நானும் அதைத்தான் சொல்றேன். வட்டம் போட்டுக் காட்டினானே, அது நான். கொண்டையில என் வால் சீப்பு இருக்கு."

"ஏன், அவங்க சீப்பு வெச்சுக்கக் கூடாதா? சீப்பு என்ன உங்களுக்கு மட்டும்தான் செஞ்சு குடுத்தாங்களா?" டீச்சர் கேட்டதும் சிலர் சிரித்தார்கள். "சரி, உங்க முதுகை நீங்க என்னிக்குப் பாத்தீங்க?"

பின்வரிசையில், கூட்டத்தில் இதுவரை வாயே திறந்திராத அக்காவின் புருஷன் எழுந்தார். "நான் தினம் பாக்கறேங்க. அது இவதான்."

"அட உக்காருங்க சார். பொண்டாட்டி சொன்னா நீங்க வேற என்ன சொல்லப்போறீங்க?" என்றார் குடியிருப்புச் செயலாளர். "அவ்வளவு பெரிய சேனலு. எத்தனை பேர் வேலை செய்யறான். விசாரிக்காமலா போடுவான்?"

அக்கா சுற்றிப் பார்த்தாள். தன் கடை நாற்காலியில் தலையைக் கொடுத்தவர்கள்தான் எல்லோரும். அதிகம் போனால் பத்து வினாடி யோசித்திருப்பாள். அவள் ஆயுசில் பேசுவதற்கு முன் அவ்வளவு நேரம் யோசித்தது அன்றைக்குத்தான்.

"சரி, என்னை நம்ப வேண்டாம். அதுல இன்னும் நெறைய தலை இருக்கு. எல்லாத்தையும் எனக்குத் தெரியும். வெட்டினது நான், சாயம் போட்டது நான், வெச்சுத் தைச்சதும் நான். எது யாரு தலைன்னு ஒவ்வொண்ணா சொல்லட்டுமா? நானா சொல்ல மாட்டேன். யாராவது ஒருத்தர் 'சொல்லு'ன்னு சொல்லுங்க, சொல்றேன்."

செயலாளர் ஆர்வமாக வாயைத் திறந்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். டீச்சர் சால்வையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். ஓனரம்மாவின் கை மெல்ல உச்சந்தலைக்குக் கிளம்பியது. பாதி வழியில் சுதாரித்து, இல்லாத கொசு ஒன்றை அடித்துவிட்டு மடிக்குத் திரும்பியது.

யாரும் "சொல்லு" என்று சொல்லவில்லை.

"மழை வர்ற மாதிரி இருக்கு. இதை அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்றாள் ஓனரம்மா. கார் நிறுத்துமிடத்துக்குக் கான்கிரீட் கூரை. இருந்தாலும் எல்லோரும் மழைக்குப் பயந்தவர்கள்போல அவசரமாகக் கலைந்தார்கள்.

அதோடு பார்லர் காற்று வாங்கத் தொடங்கியது. அக்காவின் கையில் தலையைக் கொடுப்பதே ஆபத்து என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள் சிரித்துக்கொண்டே சுவரோரமாக நழுவினார்கள். நாற்காலியில் அக்காவே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டாள்.

"என்னாலதானேக்கா இதெல்லாம்" என்றாள் நூல் பொண்ணு.

"போடி இவளே. நரைக்கு ரோஷம் கிடையாது. வந்துருவாங்க பாரு."

வீராப்பாகத்தான் சொன்னாள். ஆனால் தேர்தல் முடிவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற யோசனை இருவருக்குமே இருந்தது. பின்கட்டு அறையில் அந்தப் பை பிரிக்காமல் சுவரோரம் நின்றது.

நரைக்கு ரோஷம் இல்லைதான். முதலில் டீச்சர் வந்தாள், ஏதோ வழி தவறி வந்ததுபோல. சிறிது நேரம் கழித்து ஓனரம்மா. அவள் புருவம் இரண்டும் மூக்குக்கு மேலே ஒன்றோடொன்று உறவாடத் தொடங்கியிருந்தன. வந்தவள் அக்காவை நிமிர்ந்து பார்க்காமல் நேரே நூல் பொண்ணின் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். எதிர்ப்பக்கத்தில் அக்கா டீச்சருக்குச் சாயம் கலக்க ஆரம்பித்தாள். டிவி மட்டும் பேசியது.

ஒரு புருவம் முடிந்தபோது திரையில் புதுப் படம் ஓடியது. "எல்லையில் திரளும் கூட்டம்! தாங்குமா நாடு?" ஒரு பாலம். அதன் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆட்கள். படம் மேலேயிருந்து எடுத்தது, அதனால் தலைகளும் மூட்டைகளும்தான் தெரிந்தன.

டீச்சர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தாள். "இதுல யாரு இருக்காங்களோ! நல்லா பாருங்கக்கா, நம்ம செயலாளர் நிக்கறாரான்னு."

அக்காவும் சிரித்தாள். ஓனரம்மாவுக்கும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துச் சிரிப்பு வந்தது. பல நாள் இறுக்கம் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தளர்ந்தது.

நூல் பொண்ணு நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள். டிவியைப் பார்த்தபடியே நின்றாள்.

"இல்லம்மா. இது நிஜமாவே நாங்கதான். எங்க ஊர்ப் பாலம் இது."

சிரிப்பு நின்றது. அக்காவின் கையில் சாயத் தூரிகை சொட்டியது. இந்த முறை தப்பு என்று சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லை. படம் சரி, ஆட்களும் சரி. மறுபடியும் "ஆனா" வந்துவிடுமோ என்று அக்கா ஓனரம்மாவின் வாயையே பார்த்தாள்.

ஓனரம்மா ஒரு புருவம் வில்லாகவும் மறு புருவம் புதராகவும் டிவியைப் பார்த்தாள். அறிவிப்பாளர் கத்திக்கொண்டிருந்தார். அவர் சொல்லாத ஒன்றை அவள் கேட்டாள்.

"எதுக்கு அப்படி அசையாம நிக்கறாங்க?"

"பேர் கூப்பிடறதுக்கு. நகந்தா இடம் போயிரும். நாங்க நின்னப்ப எங்க மாமியார் உக்காரக்கூட இல்ல."

"மாமியாரா? உனக்கு மாமியார் இருக்காங்களா?"

"அங்கேயே இருந்துட்டாங்க" என்றாள் நூல் பொண்ணு.

இத்தனை மாதத்தில் அந்தக் குடும்பத்தைப் பற்றி அந்தப் பார்லரில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். எல்லோர் வீட்டுப் பல்லையும் எண்ணி வைத்திருந்த அக்காகூடக் கேட்டதில்லை. அவளுக்கு அது சுருக்கென்றது.

ஓனரம்மா நாற்காலியில் மறுபடி சாய்ந்தாள். பிறகு, வாடகைக்கு விட்டவர்களின் வழக்கமான எரிச்சல் குரலிலேயே, "அந்த ரூம் மூலையில ஒழுகுதாமே? உன் புருஷன் யார்கிட்டயோ சொல்லியிருக்கான். என்கிட்ட சொல்றதுக்கென்ன? நாளைக்கு ஆள் அனுப்பறேன்" என்றாள்.

அந்தக் கட்டடத்தில் ஓனரம்மா தானாக முன்வந்து ஒழுகலைச் சரிசெய்ததாகச் சரித்திரமே கிடையாது. டீச்சர் வாயைப் பிளந்தாள். நூல் பொண்ணு அக்காவைப் பார்த்தாள்.

"நிக்கறியே, வேலையப் பாரு" என்றாள் ஓனரம்மா, கண்ணை மூடிக்கொண்டு. "இப்படியே பாதியோட நான் படியேறினா ஊரு சிரிக்கும்."